பிள்ளையின் பரிசோதனையும் பெற்றோரின் கைகளும்

பாடசாலையில் விஞ்ஞானச் செயற்றிட்டமொன்று கொடுக்கப்பட்டதும், சில இல்லங்களில் பிள்ளை நித்திரைக்குச் செல்லப் பெற்றோர் விழித்திருக்கும் விந்தையை நாம் காண்கின்றோம். தந்தையார் ரிஜிபோம் அறுத்துச் சூரியக் குடும்பம் அமைக்கிறார். தாயார் அதற்கு வர்ணந் தீட்டுகிறார். மறுநாள் புள்ளி பெறுவது பிள்ளை. ஆனால் அப்பிள்ளை கற்றது யாது? தன் கைவேலை சபைக்கு உதவாது என்ற ஒன்றையே அது கற்றுக்கொள்கிறது.

அவ்வாறாயின் உதவியே செய்யலாகாதா? செய்யத்தான் வேண்டும். எவ்வகை உதவி என்பதே கேள்வி.

எமது இல்லத்தில் நிகழ்ந்ததைக் கூறுவோம். ஆறாந் தரத்திற் பயின்ற எம் மகள், பயிர் வளர ஒளி வேண்டுமா என ஆராயப் புகுந்தாள். இரண்டு சிரட்டைகளில் ஒரே மண், ஒரே அளவு தண்ணீர், ஊறவைத்த பயறு பத்துப் பத்தாக இட்டாள். ஒன்றை யன்னலருகிலும் மற்றதை அலுமாரிக்குள்ளும் வைத்தாள். ஆராயும் ஒன்றைத் தவிர ஏனைய யாவற்றையும் சமமாக வைத்தலே பரிசோதனையின் உயிர்நாடி. இருளில் உள்ளது குட்டையாகவே இருக்குமெனக் கொப்பியில் முன்னரே எழுதியும் வைத்தாள். ஏழாம் நாள் பார்த்தபோது, இருளிலிருந்த முளைகளே நெடிது வளர்ந்திருந்தன!

"அப்பா, பரிசோதனை பிழைத்துவிட்டது. அளவை மாற்றி எழுதட்டுமா?" என்று கலங்கினாள்.

காரணத்தை நாம் அறிவோம். சொல்லிவிடுதல் ஒரு நிமிட வேலை. ஆயினும், "கண்டதையே எழுது, பிள்ளை. உயரத்தைத் தவிர வேறென்ன வேற்றுமை?" என்று மாத்திரம் வினவினோம். தண்டு மெலிந்து, இலை சிறுத்து, நிறம் வெளிறியிருப்பதை அவளே கண்டாள். "அப்படியானால் இவ்வளவு உயர உணவு எங்கிருந்து வந்தது?" என்றோம். நெடுநேரம் பார்த்திருந்தவள், வித்திலைகள் சுருங்கியிருப்பதைக் காட்டி, "விதையிலிருந்த சாப்பாட்டைச் செலவழித்து வெளிச்சத்தைத் தேடியிருக்கிறது" என்றாள். பின்னர் அச்சிரட்டையையும் யன்னலருகே வைத்தாள். ஒளி பட்டதும் பச்சையம் உண்டாகி, மஞ்சள் இலைகள் பசுமையுற்றன.

அழகாக அச்சிடப்பட்ட வேறு கொப்பிகளுக்கே அதிக புள்ளி கிடைத்தது. எனினும், மாற்றி எழுதாத அந்த அளவு அவளுடையதாகவே நிலைத்தது.

மின்காந்தத் தூண்டலை 1831 இல் கண்டறிந்த மைக்கேல் பரடே, ஒரு கொல்லரின் மகன். புத்தகங் கட்டும் கடையில் தொழில் பழகிய நாட்களில், தாம் வாசித்தவற்றைச் சிறு பரிசோதனைகளாற் சோதித்துப் பார்த்தவர். அவருக்காக வேறெவரும் செய்து கொடுக்கவில்லை.

ஆகவே பெற்றோர்களே, பொருள் தேடிக் கொடுங்கள். நெருப்பும் கத்தியும் மின்சாரமும் உள்ள இடத்தில் அருகிருந்து காவல் செய்யுங்கள். நாள்தோறும் அளந்தாயிற்றா என நினைவூட்டுங்கள். வினாக்களைத் தாராளமாக வழங்குங்கள். விடையையும் எழுதுகோலையும் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். கோணல் எழுத்து நாளடைவில் திருந்தும். கண்டதைக் கண்டபடி எழுதும் நேர்மையோ, இளமையிலேயே பழகவேண்டியதொன்றாம்.