1983க்கு முந்தின ஓடுபாதைகள்

2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலியில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து அலையன்ஸ் எயார் விமானம் வந்து இறங்கியது. வடக்குக்கு விமானம் அன்றுதான் புதிதாக வந்தது போலப் பலரும் பேசினார்கள். பலாலி இருக்கும் வலிகாமம் வடக்கில் வேர் உள்ள எனக்கு அந்தப் பேச்சு ஒட்டவில்லை. பலாலி, கட்டுநாயக்கா, இரத்மலானை, மத்தள என்று நாட்டின் சிவில் விமான நிலையங்களைப் பார்க்கும் அரச கம்பனி எங்கிருந்து தொடங்கியது, அதில் பலாலிக்கு என்ன இடம் என்று தேடத் தொடங்கினேன்.

கம்பனியின் பெயர் ‘விமான நிலைய மற்றும் விமானச் சேவைகள் (ஸ்ரீலங்கா) லிமிட்டெட்’. முனையங்களையும் ஓடுபாதைகளையும் பராமரிப்பதோடு அதன் வேலை முடிவதில்லை. இலங்கைக்கு மேலாகவும் இந்து சமுத்திரத்தின் பெரும் பரப்புக்கு மேலாகவும் போகும் விமானங்களுக்கு வான்வழி காட்டுவதும் அதுதான். 1982ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டத்தின் கீழ் 1983இல் அது பதிவானது. அதற்கு முன்னர், 1979இல், விமான நிலைய அதிகாரசபைக்கென ஒரு சட்டம் வந்திருந்தது. எயார்லங்கா விமான நிறுவனம் பறக்கத் தொடங்கியதும் அதே 1979இல்தான். ஆக 1983 என்பது பதிவுப் புத்தகத்தின் ஆண்டு. மத்தளவைத் தவிர மற்ற ஓடுபாதைகளுக்கு வயது அதைவிட அதிகம்.

மூத்தது இரத்மலானை. கொழும்புக்குக் கிட்ட ஒரு விமானத்தளம் வேண்டும் என்று அரசாங்க சபை 1934இல் முடிவெடுத்து அந்த இடத்தைத் தெரிவு செய்தது. 1935 நவெம்பர் 27இல் அங்கே முதன்முதலாக இறங்கியது, மெட்ராஸ் பறத்தல் கழகத்தின் பயிற்றுநர் டின்டேல் பிஸ்கோ ஓட்டிவந்த ‘புஸ் மொத்’ என்ற சின்ன விமானம். இலங்கையின் முதல் சிவில் விமானத்தளத்துக்கு முதல் விமானத்தை ஓட்டிவந்தவரே மெட்ராஸ் கழகத்தவர்!

கட்டுநாயக்காவும் பலாலியும் போர் தந்தவை. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை நீர்கொழும்புக்கு அருகே அமைத்த தளமே இன்றைய கட்டுநாயக்கா. 1957இல் அது இலங்கையின் கைக்கு வந்தது. அறுபதுகளில் கனடாவின் உதவியோடு சர்வதேச விமான நிலையமாக வளர்ந்தது. பலாலியும் அதே போர்க்காலத்தில் அதே விமானப்படை போட்ட ஓடுபாதைதான்.

போருக்குப் பிந்திய பலாலியைத் தேடுவது சுலபமாக இருக்கவில்லை. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் பழைய சேகரம் 1981இல் எரிந்துபோனது. அங்கே இருந்திருக்க வேண்டியதைக் கொழும்பில் போய்த் தேட வேண்டிய நிலை. வழி காட்டியவர் எங்கள் பகுதியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்.

“தம்பி, பலாலி எண்டு தேடாதை. பழைய பேப்பருகளிலை காங்கேசன்துறை எண்டுதான் போட்டிருப்பாங்கள்” என்றார். தன்னுடைய இளமைக் காலத்தைப் பற்றியும் சொன்னார்: “அப்ப பலாலியிலை ஏறினால் திருச்சியிலை இறங்கலாம். கலியாண வீடெண்டால் சனம் அங்கை போய்ச் சேலை எடுத்துக்கொண்டு வரும். கொழும்புக்குப் போய் அலையுற வேலையே இல்லை.”

அவர் சொன்ன பெயரைப் பிடித்துப் போனபோது விடை கிடைத்தது. 1947 டிசெம்பர் 10, எயார் சிலோனின் முதல் சேவை. ‘சீதாதேவி’ என்று பெயரிட்ட டகோட்டா விமானம் இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி, மெட்ராசுக்குப் போனது. நாட்டின் முதல் விமான நிறுவனத்தின் முதல் பயணத்திலேயே பலாலி நடுத் தரிப்பு. அப்போது சுதந்திரத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

பிறகு நடந்ததையும் இந்த வரலாற்றில் எழுதத்தான் வேண்டும். யுத்தத்தில் பலாலி படைத்தளமானது. 1990இலிருந்து சுற்றுக் கிராமங்களின் சனம் வீடு வளவுகளை விட்டு வெளியேறியது. செம்மண் தோட்டங்கள் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. 1998 செப்டெம்பர் 29இல் பலாலியிலிருந்து கொழும்புக்குக் கிளம்பிய லயன் எயார் விமானம் கடலில் விழுந்து, அதில் இருந்த 55 பேரும் இறந்தார்கள். கட்டங் கட்டமாகக் காணிகள் விடப்பட்டாலும், உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு தங்கள் நிலத்துக்குக் காத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

கொரோனாவில் நின்ற சென்னைச் சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் வந்தது. 2025இல் திருச்சிக்கும் விமானம் பறக்கத் தொடங்கியது. ஆசிரியர் ஐயா சொன்ன வழி திரும்பத் திறந்திருக்கிறது.

ஒரு கம்பனியின் பிறப்பைத் தேடிப் போன எனக்குக் கிடைத்தது, அந்தக் கம்பனி பொறுப்பேற்றுக்கொண்ட பழைய கடன்களின் கணக்கு. பலாலியை ஐந்தாறு வயதுப் பிள்ளையாக நடத்தக்கூடாது. இந்த நாட்டின் முதல் விமான நிறுவனம் பறக்கத் தொடங்கியபோதே அது கூட இருந்தது. முனையத்துக்குள் பயணிகள் வாசிக்கும்படி 1947ஆம் ஆண்டின் அந்தப் பயணத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்க வேண்டும். ஓடுபாதையை நீட்டும் திட்டம் எதுவானாலும், அந்த மண்ணுக்கு உறுதி வைத்திருப்பவர்களோடு பேசிய பிறகே வரைபடம் கீறப்பட வேண்டும். மக்களின் பெயரால் அரசு நடத்தும் கம்பனியிடம் மக்கள் இவ்வளவையாவது உரிமையோடு கேட்கலாம்.