மல்பே படகும் ஆறுமுகக் கல்லும்

பெங்களூரு பீன்யா பட்டறைகளில் நம்ம ஆட்கள் கடல் பார்க்கணும்னா பாண்டிச்சேரிக்குத்தான் வண்டி எடுக்கிறார்கள். ஒரு தடவை தும்கூர் ரோட்டில் ராத்திரி உடுப்பி பஸ் ஏறிப் பாருங்கள்.

உடுப்பியை ஒட்டிய மல்பேயிலிருந்து படகில் செயின்ட் மேரீஸ் தீவு. கரையில் இறங்கியதும் காலடியிலேயே கல்தூண்கள். நாம் ஷாப்பில் தினம் தொடும் ஹெக்ஸ் போல்ட்டைக் கட்டுக்கட்டாக நட்டு வைத்த மாதிரி. எந்த மெஷினும் கடையவில்லை. எரிமலைக் குழம்பு ஆறும்போது சுருங்கி, வெடித்து, தானாகப் பல முகம் கண்டது. அது நடந்தது மடகாஸ்கர் நம்மிடமிருந்து பிரிந்த காலத்தில், சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இந்தத் தூண்களைத் தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்திருக்கிறது.

ஸ்காட்லாந்தில் ஸ்டாஃபா தீவுத் தூண்களைப் பார்க்க உலகமே படகேறுகிறது. 1829இல் அங்கே போன மெண்டல்சன் ஓர் இசைக்கோவையே எழுதினார். நம்முடையது ஒரு ராத்திரி பஸ் தூரம். அதிலும் எனக்குப் பிடித்தது அந்தப் படகுப் பயணமே. உப்புக்காற்று முகத்தில் அடிக்க, தென்னைகள் மெல்லப் பெரிதாகி வரும்.

மழைக்காலத்தில் படகு கிடையாது. பாறை விளிம்பில் செல்ஃபி வேண்டாம், அலை இழுத்துவிடும். பிளாஸ்டிக்கைத் தீவில் விட்டு வராதீர்கள்.