மூன்று பேருக்கு ஒரு கிராபிக்ஸ் காட்

ஆர்ட்ஸ் படிக்கிற பிள்ளைகளுக்கு கேமிங் பிசி எதுக்கு? வீட்டில் கேட்டார்கள், பீடத்தில் கேட்டார்கள், கடையிலும் கேட்டார்கள். யாழ்ப்பாணம் ரவுணுக்குள் ஒரு கடையில் நின்ற அண்ணா, “தம்பிக்கோ பிள்ளையள்?” என்றார். இல்லை அண்ணா, எங்களுக்குத்தான் என்றோம். “அப்ப வேர்ட், எக்செல் அடிக்கத்தானே?” என்று சொல்லி பழைய ஒபிஸ் கொம்பியூட்டர் ஒன்றைத் தூக்கி மேசையில் வைத்தார். ஆள் நல்ல மனுசன், பிறகு எங்களுக்கு நிறைய உதவியும் செய்தவர். மூன்று பெட்டையள் வந்து கிராபிக்ஸ் காட் விலை கேட்பார்கள் என்று அவர் நினைத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரே போர்டிங், ஒரே அறை, மூன்று பேர். ஒருத்தி வலோரன்ட் விளையாடுகிறவள். ஒருத்திக்கு ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 இல் குதிரை ஓட வேணும். மற்றவள் ஸ்டார்டியூ வலியில் தோட்டம் செய்கிறவள், அவளுக்கு எந்த மெஷினும் காணும். ஆனால் ஆய்வுக்கட்டுரையை இனியும் போனில் தட்டிக்கொண்டிருக்க முடியாது என்று முதலில் சொன்னவளும் அவள்தான். எங்களுக்குள் இருந்த ஒரே லப்டொப், சாஜரைக் கழற்றினால் பத்து நிமிடத்தில் செத்துப்போகும்.

காசு சேர்ந்தது இப்படி. 2025 இல் மகாபொல 5,000 இலிருந்து 7,500 ஆனது, பேர்சரி 4,000 இலிருந்து 6,500 ஆனது. எங்களில் இரண்டு பேருக்கு மகாபொல, ஒருத்திக்கு பேர்சரி. கூடின 2,500 ஐ ஒருத்தரும் தொடுவதில்லை என்று முடிவெடுத்தோம். அதோடு ஓஎல் பிள்ளைகளுக்கு ரியூசன் குடுத்த காசும், ஒரு சின்னச் சீட்டும். எல்லாம் சேர்த்து 180,000 ரூபா. மொனிட்டர் வாங்கத் தேவையில்லை, மாமா ஒருவர் வீட்டில் 1080பி மொனிட்டர் ஒன்று தூசி பிடித்துக் கிடந்தது.

யூரியூப்பில் பாடம் எடுக்கத் தொடங்கினால் முதல் குழப்பம் ரூபாவிலேயே வந்துவிடும். ‘50,000 ரூபாவுக்கு கேமிங் பிசி’ என்று ஒரு தமிழ் வீடியோ சொன்னதும் சந்தோசத்தில் கத்தினோம். அது இந்திய ரூபா. எங்கட காசில் கிட்டத்தட்ட மூன்றரை மடங்கு, இங்கே இறக்குமதி வரி வேறு. இரண்டாவது சிக்கல் பெரிசு. எந்த வீடியோவைப் பார்த்தாலும் கிராபிக்ஸ் காட்டில்தான் கதை தொடங்கும். மிச்சமிருக்கிற காசில் புரொசசர், பிறகு மதர்போட், ராம். கடைசி மூச்சில், “ஒரு நல்ல பவர் சப்ளை போட்டுக்கொள்ளுங்கோ” என்பார்கள். அவர்களுடைய ஊரில் கரண்ட் ஒழுங்காக வருகிறது போல.

நாங்கள் 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலக் கரண்ட் கட்டைப் பார்த்த ஆக்கள். அது முடிந்த கதை என்று நினைத்துக்கொண்டிருக்க, 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து முழு நாட்டுக்கும் கரண்ட் போனது. குரங்கை வைத்து எல்லாரும் மீம் போட்டார்கள், நாங்களும் போட்டோம். ஆனால் சாமான்களைக் கொல்லுவது கரண்ட் போகிறதைவிட அது திரும்பி வருகிற விதம்தான். வரும், போகும், பேந்து வரும், லைற் மங்கும், ஃபான் உறுமும். பக்கத்து வீட்டு ரீவி ஒன்று போன மழைக்கு அப்படித்தான் போனது. அதனால் நாங்கள் பட்டியலைத் தலைகீழாக்கி, சுவரில் இருந்து தொடங்கினோம்.

சுவரில் இருந்தது உருண்டைப் பின் பொயின்ட். அன்ரிக்கு வயறிங் செய்து குடுத்தவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் ரெஸ்ரர் வைத்துப் பார்த்துவிட்டு, மேல் ஓட்டைக்குள் வயரே இல்லை என்றார், அதாவது ஏர்த் இல்லை. கடையில் பவர் சப்ளையோடு வருகிற வயரின் பிளக் இங்கத்தைப் பொயின்டுக்குப் பொருந்தாவிட்டால் ஒரு மலிவு அடாப்டரும் சேர்த்துத் தருவார்கள். அதில் பலதிலும் ஏர்த் தொடர்பு கிடையாது. கேசிங்கின் இரும்பில் கை பட்டால் சுள்ளென்று இழுக்கிறது என்று பலர் சொல்வது இதனால்தான். ஏர்த் கம்பி அடித்து, சதுரப் பின் பொயின்ட் மாற்ற நாலாயிரத்துக்குள் முடிந்தது. அந்த நாலாயிரத்துக்கு எந்த கேமும் ஒரு பிரேம் கூட வேகமாக ஓடாது. ஆனாலும் முழுப் பட்டியலிலும் நாங்கள் வாதம் பண்ணாமல் குடுத்த காசு அதுதான்.

அடுத்தது யூபிஎஸ். பெட்டியில் 650 விஏ என்று எழுதியிருந்தால் 650 வாட்ஸ் தரும் என்று நம்பிவிடக்கூடாது. அந்த அளவு யூபிஎஸ்கள் பெரும்பாலும் 360 வாட்ஸ் மட்டில்தான் தாங்கும். இந்த 360 தான் எங்களுடைய மெஷினுக்குக் கூரை. இதற்குக் கீழே நிற்கிற கிராபிக்ஸ் காட்டைத்தான் வாங்கலாம். காட்டுக்கு ஏற்ற யூபிஎஸ் வாங்கப் போனால் எங்கள் காசு அங்கேயே முடிந்துவிடும்.

பவர் சப்ளை விசயத்தில் கடை அண்ணா ஒரு வித்தை காட்டித் தந்தார். கேசிங்கோடு சும்மா வருகிற ஒரு பெட்டியை எடுத்தார். மேலே பெரிசாக 500 வாட்ஸ் என்று அடித்திருந்தது. “அதை விடுங்கோ, லேபலில பன்னிரண்டு வோல்ற் எண்ட இடத்தில எத்தினை அம்பியர் எண்டு பாருங்கோ.” 18. பன்னிரண்டைப் பதினெட்டால் பெருக்கினால் 216 வாட்ஸ். புரொசசரும் கிராபிக்ஸ் காட்டும் சாப்பிடுவது அந்தப் பன்னிரண்டு வோல்டில் இருந்துதான். மிச்ச வாட்ஸ் எல்லாம் பேருக்கு. 80 பிளஸ் ஸ்ரிக்கரும் எவ்வளவு கரண்டை வெப்பமாக வீணாக்காது என்பதைத்தான் சொல்லும், வோல்டேஜ் ஏறி இறங்கும்போது பாதுகாக்கும் என்று சொல்லாது. பெயர் தெரிந்த நிறுவனத்தின் 550 வாட்ஸ் ஒன்றை எடுத்தோம். ஏர்த், யூபிஎஸ், பவர் சப்ளை மூன்றுக்கும் 40,000 மட்டில் போனது. இன்னும் ஒரு சிப் கூட வாங்கவில்லை. ரெட் டெட்காரி இரண்டு நாள் எங்களோடு சரியாகக் கதைக்கவில்லை.

அவளைச் சமாதானப்படுத்தத்தான் கிராபிக்ஸ் காட் வேட்டையை உடனே தொடங்கினோம். எங்கள் காசுக்குப் புதுசு சரிவராது. பழைய காட் என்றால் எல்லார் வாயிலும் வருவது ஆர்எக்ஸ் 580, 2017 இல் வந்தது, 8 ஜிபி, மலிவு. எதிரியம் நாணயத்தை கிராபிக்ஸ் காட்டால் தோண்டுகிற வேலை 2022 செப்ரெம்பர் 15 ஓடு முடிந்ததும், இரவு பகலாக ஓடின காட்கள் உலகம் முழுக்கப் பழைய சந்தைக்கு வந்து கொட்டின. மைனிங் காட் என்றாலே சிலர் பேயைக் கண்ட மாதிரி ஓடுகிறார்கள். அது கொஞ்சம் மிகை. சிப் இலேசில் சாகாது, தேய்வது விசிறிகளும் காய்ந்துபோன பேஸ்ட்டும்தான். நாங்கள் பயந்தது வேறொன்றுக்கு. 580 என்ற பெயரிலேயே 2048எஸ்பி என்று ஒரு வகை இருக்கிறது. உண்மையான 580 இல் 2304 ஷேடர்கள். 2048 என்றால் அது உள்ளுக்குள் 570. பெட்டியிலும் ஸ்ரிக்கரிலும் 580 என்றே இருக்கும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால்தான் தெரியும். விளம்பரம் போட்ட ஒருவரிடம் அந்தத் திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். எங்களை புளொக் பண்ணிவிட்டார்.

580 ஐக் கடைசியில் கைவிட வைத்தது கூரைக் கணக்கு. அது 185 வாட்ஸ் இழுக்கும். 2021 இல் வந்த ஆர்எக்ஸ் 6600 இழுப்பது 132 வாட்ஸ், வேகமோ நல்லாகவே கூட. புரொசசர், மற்றச் சாமான்கள், மொனிட்டர் எல்லாம் சேர்த்தாலும் 250 வாட்ஸ் மட்டில் நிற்கும், யூபிஎஸ் மூச்சு வாங்காது. பழைய 6600 ஒன்று கொழும்பில் கிடைத்தது. வெள்ளவத்தையில் இருக்கிற எங்களில் ஒருத்தியின் ஒன்றுவிட்ட அண்ணா போய், வித்தவரின் வீட்டிலேயே அரை மணித்தியாலம் சுமை குடுத்து ஓட்டி, வெப்பம் எவ்வளவு ஏறுகிறது என்று வட்ஸ்அப் வீடியோவில் காட்டினார். பிறகு சாரத்தில் சுத்தி, பிஸ்கற் பெட்டிக்குள் வைத்து இரவு பஸ்ஸில் போட்டுவிட்டார். விடிய ஐந்து மணிக்கு மூன்று பேரும் போய்த் தூக்கிக்கொண்டு வந்தோம். ஒருத்தி போயிருந்தால் காணும்தான்.

புரொசசரில் நாங்கள் இணையத்து ஞானிகளோடு நேரடியாக முரண்பட்டோம். அவர்கள் ஒரே குரலில் ஐ3-12100எஃப் என்கிறார்கள். கடைசி எழுத்து எஃப் என்றால் உள்ளுக்குள் கிராபிக்ஸ் இல்லை. தனிக் காட் வைத்திருப்பவருக்கு அது தேவையில்லை, சில ஆயிரங்களை மிச்சம் பிடி என்பது வாதம். கணக்காகப் பார்த்தால் சரி. ஆனால் கிராபிக்ஸ் காட் பழுதானால் எஃப் புரொசசர் உள்ள மெஷினில் திரையே வராது. இங்கே ஒரு காட்டைத் திருத்த வேணுமென்றால் அது கொழும்புக்குப் போய்வர வேணும். அதுவரைக்கும் மூன்று பேரின் ஆய்வுக்கட்டுரையும் கறுப்புத் திரைக்குப் பின்னால் கிடக்கும். எஃப் இல்லாத சாதாரண 12100 ஐ, கூடக் காசு குடுத்து வாங்கினோம். ரைசன் 5 5600 தான் கெட்டிக்காரன் என்று பக்கத்து அறை அக்கா இப்பவும் சொல்லுவா. ஆறு கோர் இருக்கு, ஓம். அதற்குள்ளும் கிராபிக்ஸ் இல்லை.

மதர்போட்டுக்கு எச்610, டிடிஆர்4 ராம் போடுகிற வகை. இதில் சொல்ல ஒன்றும் இல்லை, இருந்ததில் மலிவு. எஸ்எஸ்டி 500 ஜிபி. ரெட் டெட் மட்டும் 150 ஜிபி இடம் கேட்கிறது. அதை டேட்டாவில் இறக்கினால் ஒரு மாதச் சாப்பாட்டுக் காசு போகும் என்பதால் சிநேகிதி ஒருத்தியின் ஹாட் டிஸ்க்கில் கொப்பி பண்ணிக்கொண்டு வந்து மிச்சத்தை மட்டும் இறக்கினோம்.

ராம்தான் ஏமாற்றிவிட்டது. நாங்கள் பட்டியல் எழுதினபோது இருந்த விலை 2025 இன் கடைசி மாதங்களில் இல்லை. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் போகத் தொடங்கி உலகம் முழுக்க ராம் விலை ஏறிக்கொண்டிருந்தது. திருநெல்வேலியில் ஒரு போர்டிங் அறைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், கடையில் கேட்ட விலைதான் சம்பந்தம். 8 ஜிபி ஒன்றோடு தொடங்குவமா என்று யோசித்தோம். ஆனால் ஒற்றை ராமில் மெமரியின் பாதை பாதியாகிவிடும், வலோரன்ட் மாதிரி புரொசசரை நம்பி ஓடுகிற கேம்களில் அது நன்றாகவே தெரியும். தனிக் காட் இல்லாத நாட்களில் இன்னும் மோசம். பழைய சாமானாக வாங்கப் பயமில்லாத ஒன்று என்றால் அது ராம். ஒன்றில் வேலை செய்யும், இல்லாவிட்டால் ஓர் இரவு மெம்ரெஸ்ற் ஓட விட்டால் பிழை தெரிந்துவிடும். கடை அண்ணாவே கழற்றி வைத்திருந்த இரண்டு 8 ஜிபியைத் தந்தார். “தம்பிக்கோ” என்று கேட்டதற்கு அபராதம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

அன்ரியின் கவலை கரண்ட் பில். அவவுக்குக் கணக்கு எழுதிக் காட்டினோம். 250 வாட்ஸ், நாளுக்கு மூன்று மணித்தியாலம், மாதம் 30 நாள் என்றால் இருபத்திரண்டரை யூனிற். கேட்கச் சின்னனாகத்தான் இருக்கும். ஆனால் எங்கட பில் 60, 90, 120, 180 என்று படிப்படியாக ஏறுகிறது. வீட்டுப் பாவனை ஒரு படியின் விளிம்பில் நிற்கும்போது இந்த இருபத்திரண்டு அதை மேல் படிக்குத் தள்ளிவிடும். அந்த வித்தியாசத்தையும் சேர்த்தே தருவோம் என்று சொன்ன பிறகுதான் அன்ரி தலையாட்டினா. இப்போது இரவில் எட்டிப் பார்த்து, “இண்டைக்கு எத்தினை யூனிற் பிள்ளையள்?” என்று கேட்பா. ஸ்டார்டியூவில் பூசணிக்காய் காய்த்தால் நின்று பார்த்துவிட்டுத்தான் போவா.

தைப்பொங்கல் முடிந்த கிழமை 6600 இன் ஒரு விசிறி கிரைண்டர் மாதிரி சத்தம் போடத் தொடங்கியது. பழைய சாமான், வொறன்ரி இல்லை. அதே பிஸ்கற் பெட்டி, அதே இரவு பஸ். விசிறி மாற்றி வர 19 நாள் எடுத்தது. அந்த 19 நாளும் மொனிட்டர் வயரை மதர்போட்டில் செருகி, 12100 இன் உள் கிராபிக்ஸில் ஓட்டினோம். வலோரன்ட் எல்லாவற்றையும் குறைத்து வைத்தால் ஓடியது. தோட்டத்துக்கு வித்தியாசமே தெரியவில்லை. ரெட் டெட்காரி குதிரையை விட்டு இறங்கி, இலக்கிய மீளாய்வு அதிகாரத்தை எழுதி முடித்தாள். எஃப் இல்லாத புரொசசருக்குக் குடுத்த காசைப் பற்றி அதன்பிறகு அவள் கதைப்பதில்லை.

இறுதி வருடம் முடிய அறையை விட வேணும். ஒருத்தி மன்னாருக்கு, ஒருத்தி வவுனியாவுக்கு, ஒருத்தி இங்கேயே. மெஷினை முழுசாக வித்துக் காசைப் பிரிப்பதா, சாமானாகக் கழற்றிப் பிரிப்பதா என்று தொடங்கின நாளிலேயே ஒரு தாளில் எழுதி மூன்று பேரும் கையெழுத்து வைத்தோம், சாமானாகத்தான் என்று. புரொசசரும் மதர்போட்டும் ராமும் ஒருத்திக்கு, யூபிஎஸ்ஸும் பவர் சப்ளையும் எஸ்எஸ்டியும் மற்றவளுக்கு. கிராபிக்ஸ் காட்டுக்கு நேரே மூன்று தரம் பெயர் எழுதி மூன்று தரம் வெட்டியிருக்கு. ஏர்த் கம்பி அன்ரிக்கு.