ராத்திரி ஷிஃப்டில் வந்த ‘எரர்’

ஓசூர் சிப்காட்டில் பெரிய வாகன கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சின்ன யூனிட்கள் நிறைய. அப்படி ஒரு யூனிட்டில், ராத்திரி ஒன்றரை மணிக்கு டெஸ்டிங் மெஷின் பக்கத்திலிருந்த கம்ப்யூட்டர் திரையில் ஒரு வரி வந்து நின்றது. ‘எரர்.’ அவ்வளவுதான். என்ன எரர், எதில் எரர் என்று ஒன்றும் இல்லை.

ஷிஃப்டில் இருந்த ஆபரேட்டருக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. தளி பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், அத்திப்பள்ளி தாண்டினால் கன்னடம். இந்த ஊரில் அது ஒரு பெரிய விஷயமே இல்லை. மெஷினின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லக்கூடியவர். ஆனால் சத்தமே போடாத கம்ப்யூட்டரிடம் அவரால் என்ன கேட்க முடியும்? விடியும்வரை அளவுகள் பதிவாகவில்லை. பதிவில்லாத பாகத்தை கஸ்டமருக்கு அனுப்ப முடியாது. ஒரு ஷிஃப்டின் உற்பத்தி முழுக்க மறுபடி டெஸ்டிங்குக்குப் போனது.

காலையில் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார்கள். உடனே வேலை செய்தது. “அப்போ நைட்ல யாரோ கேபிளைப் புடுங்கிட்டு, அப்புறம் மாட்டியிருக்காங்க” என்றார் சூப்பர்வைசர். ராத்திரி அங்கே இருந்தது ஒருவர்தான். விளக்கக் கடிதம் எழுதச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தார். அந்த மாத இன்சென்டிவ் போனது.

அந்த புரோகிராமை எழுதியவளுக்கு வயது 24. பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவள், அதே யூனிட்டில்தான் வேலை. மெஷினிலிருந்து வரும் அளவுகளைப் படித்துச் சேமிக்கும் சின்ன ‘சி’ புரோகிராம் அது, லினக்ஸில் ஓடுகிறது. கடிதம் கொடுத்துவிட்டு வந்த ஆபரேட்டர் அவளைப் பார்த்துச் சொன்னது ஒரே வார்த்தை: “நான் தொடவே இல்லம்மா.”

அவள் நம்பினாள். ஆனால் நம்பியதை நிரூபிக்க வழியில்லை. ஏனென்றால், அந்த ‘எரர்’ என்ற ஒற்றை வார்த்தையை எழுதியது அவளேதான்.

ஒரு புரோகிராம் தானாக ஒரு ஃபைலைத் திறந்துவிட முடியாது. கேபிள் வழியாகப் பேசவும் முடியாது. எல்லாவற்றுக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் விண்ணப்பம் போட வேண்டும். இதைத்தான் சிஸ்டம் கால் என்கிறார்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் பெரும்பாலும் ‘மைனஸ் 1’ என்று பதில் வரும். காரணம் தனியாக, ‘எர்நோ’ என்ற இடத்தில் ஓர் எண்ணாகக் காத்திருக்கும். லினக்ஸில் 2 என்றால் அப்படியொரு ஃபைலே இல்லை. 13 என்றால் இருக்கிறது, உனக்கு அனுமதி இல்லை. 28 என்றால் டிஸ்க்கில் இடம் தீர்ந்துவிட்டது. அந்த எண்ணை வாக்கியமாக மாற்றிக் கொடுக்க ‘ஸ்டர்எரர்’, ‘பிஎரர்’ என்று ஃபங்ஷன்களும் உண்டு. ரேஷன் கடையில் “இல்லை, போ” என்பதற்கும், “கைரேகை பதியலை, விரலைத் துடைச்சிட்டு மறுபடி வையுங்க” என்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! காரணம் கையருகே இருந்தும், அவள் புரோகிராம் “இல்லை, போ” என்று சொல்லியிருக்கிறது.

அன்றைக்கே திருத்தினாள். திறக்க முடியாவிட்டால் முதலில் லாக் ஃபைலில் ஒரு வரி எழுது, பிறகு ‘பிஎரர்’ மூலம் காரணத்தைத் திரையில் காட்டு. பத்து நாளில் மறுபடி அதே கோளாறு. இந்தத் தடவை திரை காரணம் சொன்னது: ‘பெர்மிஷன் டினைட்’. அனுமதி இல்லையாம்! யூசரை ‘டயலவுட்’ குரூப்பில் சேர்த்தாள், கேபிளுக்கான அனுமதிகளை மாற்றினாள். அரை நாள் போனது. அனுமதியில் எந்தக் குறையும் இல்லை.

திரை பொய் சொல்லியிருந்தது. எர்நோ என்பது ஒரே ஒரு சிலேட்டு மாதிரி. கேபிளைத் திறக்க முடியாமல் போனபோது அதில் 2 என்று எழுதப்பட்டது. அடுத்து அவள் புரோகிராம் லாக் ஃபைலைத் திறக்கப் போனது. அந்த ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லாததால் அதுவும் தோற்றது. சிலேட்டில் 2 அழிந்து 13 ஆனது. திரையில் வந்தது லாக் ஃபைலின் காரணம். அவள் படித்தது கேபிளின் காரணமாக. தோற்ற அடுத்த நொடியே அந்த எண்ணை வேறொரு இடத்தில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், மற்ற வேலையெல்லாம் அப்புறம்தான். பாடப்புத்தகத்தில் படித்ததுதான். மார்க்குக்காகப் படித்தது மண்டையில் எங்கே நிற்கிறது?

இந்தத் தவறு அவளுக்கு மட்டும் வந்ததல்ல. பழைய யூனிக்ஸ் காலத்தில், போய்ச் சேராத இமெயில்கள் ‘நாட் எ டைப்ரைட்டர்’ என்ற விளக்கத்தோடு திரும்பி வந்து உலகம் முழுக்க ஆட்களைக் குழப்பியிருக்கின்றன. மெயிலுக்கும் டைப்ரைட்டருக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. நடுவில் வேறு ஏதோ ஒரு ஃபங்ஷன் “இது டெர்மினல்தானா?” என்று கேட்டு, “இல்லை” என்ற பதிலை சிலேட்டில் விட்டுப் போயிருக்கும். 1969-ல் பெல் லேப்ஸில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை உருவாக்கத் தொடங்கியபோது டெர்மினல் என்றால் டெலிடைப் இயந்திரம். தட்டத் தட்டக் காகிதத்தில் அடிக்கும். அதன் சுருக்கமான ‘டிடிஒய்’ இன்னும் சாகவில்லை. ஓசூரில் அவள் தேடிக்கொண்டிருந்த கேபிளின் பெயரே ‘டிடிஒய் யுஎஸ்பி 0’தான்.

மூன்றாவது தடவைக்கு அவள் தயாராக இருந்தாள். வெறும் காரணம் மட்டும் போதாது என்று புரிந்திருந்தது. ‘அப்படியொரு ஃபைல் இல்லை’ என்றால், எந்த ஃபைல்? அதையும் சேர்த்தாள். திரையில் இப்படி வந்தது: அளவுக் கருவியின் கேபிளைத் திறக்க முயன்றேன், பெயர் டிடிஒய் யுஎஸ்பி 0, அப்படி ஒன்று இல்லை, எண் 2.

கேபிள் மாட்டியபடிதான் இருந்தது. பட்டியலைப் பார்த்தாள். ‘டிடிஒய் யுஎஸ்பி 1’ என்று ஒன்று உட்கார்ந்திருந்தது.

பிறகு எல்லாம் ஒரு மணி நேரத்தில் விளங்கிவிட்டது. கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் உண்டு. யுஎஸ்பி ஹப்புக்குக் கிடையாது. கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் ஹப் செத்துப் பிழைக்கும். அப்போது படிப்பது நின்றதும் அவள் புரோகிராம் கேபிளை மறுபடி திறக்கப் பார்த்தது. பழையதை மூடவே இல்லை. பழைய பெயரை இன்னும் ஒருவர் பிடித்துக்கொண்டிருப்பதால், திரும்பி வந்த கேபிளுக்கு சிஸ்டம் 1 என்று புதுப் பெயர் கொடுத்தது. புரோகிராமோ 0 எங்கே என்று தேடிக்கொண்டே இருந்தது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் 0 திரும்பி வந்தது. யாரும் எந்தக் கேபிளையும் பிடுங்கவில்லை.

தவறு மூன்று வரி கோடில் இருந்தது. அதைச் சொல்லாமலே சரிசெய்துவிடலாம், யாருக்கும் தெரியாது. ஒரு நாள் முழுக்க அவள் சொல்லவும் இல்லை. ‘எழுதியது நான்தான், பெயர் கெட்டது அவருக்கு’ என்ற எண்ணம்தான் சாப்பாட்டு நேரத்தில் அவளை சூப்பர்வைசர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. ஜெனரேட்டர் எடுத்த நேரக் குறிப்பையும், கோளாறு வந்த நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். மூன்று தடவையும் பொருந்தியது.

சூப்பர்வைசர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அந்த விளக்கக் கடிதத்தை எடுத்து, அதன் கீழேயே ‘ஆபரேட்டர் மீது தவறில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆனால் இன்சென்டிவ் திரும்ப வரவில்லை. அந்த மாதக் கணக்கு முடிந்துவிட்டதாம்.

இப்போது புரோகிராம் பழையதை மூடிவிட்டுத்தான் புதியதைத் திறக்கிறது. கேபிளையும் 0, 1 என்று தேடாமல் அதன் நிரந்தர அடையாளத்தை வைத்துத் தேடுகிறது. திரையில் இரண்டு பகுதி. கீழே இன்ஜினீயருக்கான வரி: எந்த கால், எந்தப் பெயர், எந்த எண், எத்தனை மணிக்கு. மேலே ஆபரேட்டருக்கு, பெரிய எழுத்தில், தமிழிலும் இந்தியிலும். இந்தி எதற்கு என்றால், ராத்திரி ஷிஃப்டில் இப்போது பாதிப் பேர் ஒடிசா, பீகார் பிள்ளைகள். தமிழ் வரியை எழுதியதும் அந்த அண்ணனைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினாள்.

“அளவுக் கருவியுடன் தொடர்பு இல்லை. ஹப்பில் பச்சை விளக்கு எரிகிறதா பார்க்கவும். எரியாவிட்டால் எலெக்ட்ரீஷியனை அழைக்கவும்.”

அவர் இரண்டு தடவை படித்தார். “ஹப்புன்னா எதும்மா?” என்று கேட்டார்.

அவள் அந்த வார்த்தையை அடித்துவிட்டு, ‘மேஜைக்குக் கீழே உள்ள கறுப்புப் பெட்டி’ என்று மாற்றினாள்.