மறுபடியும் லம்பிரிட்ஜ்

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற இணைய விளையாட்டில் கணக்குத் தொடங்குகிறவர்கள் பயிற்சித் தீவைக் கடந்து வந்து சேரும் ஊர் லம்பிரிட்ஜ். சாம்பல் நிறக் கோட்டை, அதன் பக்கத்தில் லம் ஆறு, ஆற்றுக்கு ஒரு பாலம், பாலத்தைத் தாண்டினால் கோப்ளின்கள் திரியும் புல்வெளி, அதற்கு வடக்கே வேலியடைத்த மாட்டுத் தொழுவம். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளாக இதன் மூலமான ரூன்ஸ்கேப்பை ஆடியவர்களுக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. அவர்கள் திரும்பி வரும்போது தொழுவத்தின் கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கண் தேடுவதற்கு முன்பே கை அங்கே போய்விடுகிறது.

ரூன்ஸ்கேப் 2001 ஜனவரியில் இங்கிலாந்தில் வெளிவந்தது. ஆண்ட்ரூ கோவர் தம் சகோதரர் பாலுடன் சேர்ந்து உருவாக்கிய இதைக் கேம்பிரிட்ஜின் ஜேகெக்ஸ் நிறுவனம் நடத்தியது. ஜாவாவில் எழுதப்பட்டதால் பிரவுசருக்குள்ளேயே ஓடியது. கணினியில் விளையாட்டை நிறுவ வேண்டாம், விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டும் வேண்டாம். பள்ளிக் கணினி அறையிலும் நூலகத்திலும் அரை மணி நேரம் கிடைத்தவர்கள்கூட ஆட முடிந்தது. பெரிய பகுதி இலவசம், மீதிக்கு மாதச் சந்தா. அதன் தலைமுறை இப்படித்தான் சேர்ந்தது.

இந்த உலகத்தின் துடிப்பு 0.6 விநாடிக்கு ஒரு முறை. ஆடுபவர்கள் அதை டிக் என்பார்கள். மரம் வெட்டுவது, மீன் பிடிப்பது, வாள் வீசுவது எல்லாம் அந்தத் தாளத்துக்குக் கட்டுப்பட்டவை. ஒவ்வொரு திறனிலும் உச்ச நிலை 99. அதைத் தொட 1,30,34,431 அனுபவப் புள்ளிகள் வேண்டும். சுமார் ஏழு நிலைகளுக்கு ஒரு முறை தேவை இரட்டிப்பாகும் என்பதால், 92ஆம் நிலைக்கு வந்தவர் உண்மையில் பாதி வழிதான் வந்திருக்கிறார். கொடுமையான கணக்குதான். ஆனால் சேர்த்த புள்ளி ஒன்றுகூடக் குறையாது. பல ஆண்டுகள் எட்டிப் பார்க்காமல் இருந்தாலும், வெட்டிய மரம் வெட்டியதாகவே கணக்கில் நிற்கும். விட்டுப்போனவரைத் திரும்ப அழைப்பதில் இந்த ஒரு விதிக்குப் பெரும் பங்கு உண்டு.

மாட்டுத் தொழுவத்து வேலையைப் பார்த்தாலே இந்த உலகத்தின் ருசி பிடிபடும். பையில் 28 கட்டங்கள். காசுக்கு ஒரு கட்டம் போனால் 27 தோல் கொள்ளும். மாட்டை அடித்து, தோலைப் பொறுக்கி, தெற்கே நடந்து, அல் கரீத் நகரத்து வாசலில் பத்துக் காசு சுங்கம் கொடுத்து உள்ளே போக வேண்டும். அங்கே தோல் பதனிடுபவர் ஒரு தோலுக்கு ஒரு காசு வாங்கிக்கொண்டு மென்தோலாக்கித் தருவார். பிறகு வங்கி, பிறகு மறுபடியும் வாசல், மறுபடியும் சுங்கம், மறுபடியும் மாடு. இதில் சாகசம் எதுவும் இல்லை. ஆனால் அந்த நாட்களில் பக்கத்தில் அதே மாட்டுக்குப் போட்டியிட்ட முன்பின் தெரியாத ஒருவரோடு பேச்சு தொடங்கியது. ஊர் பேர் கேட்டது. மறுநாள் அதே நேரத்துக்கு வருவதாகச் சொல்லிப் பிரிந்தது. சலிப்பு இருந்ததால்தான் பேச்சு பிறந்தது.

முறிவு 2007 டிசம்பரில் வந்தது. விளையாட்டுக் காசை நிஜப் பணத்துக்கு விற்கும் வியாபாரமும், அதற்குத் துணைபோன கடன் அட்டை மோசடியும் பெருகியதால், நிறுவனம் வைல்டர்னஸ் என்ற ஆபத்துப் பகுதியில் வீரர்கள் ஒருவரை ஒருவர் கொல்வதை நிறுத்தியது. சமமில்லாத கொடுக்கல் வாங்கலுக்கும் தடை வந்தது. நண்பனுக்கு ஒரு நல்ல கவசத்தைச் சும்மா கொடுக்கக்கூட வழியில்லாமல் போனது. கொடுக்க முடியாத உலகம் அந்நியமாகிவிடுகிறது, பலர் விலகினார்கள். 2011இல் அந்தச் சண்டையும் தடையில்லாத கொடுக்கல் வாங்கலும் திரும்ப வந்தன. 2012 நவம்பரில் சண்டை முறையையே மாற்றியபோது இன்னும் பலர் போனார்கள்.

2007 ஆகஸ்டில் எடுத்த ஒரு பேக்கப் நகல் நிறுவனத்தின் கையில் இருந்தது. அதைத் திறக்கலாமா என்று 2013 பிப்ரவரியில் வாக்கெடுப்பு தொடங்கியது. மொத்தம் 4,49,351 வாக்குகள் விழுந்தன. அதே மாதம் 22ஆம் தேதி ஓல்ட் ஸ்கூல் தொடங்கியது. உலகம் திரும்பக் கிடைத்தது, அதில் சேர்த்த சொத்து கிடைக்கவில்லை. 2007இல் 99ஐத் தொட்டிருந்தவரும் மூன்றாம் சண்டை நிலை ஆளாக, வெண்கல வாளோடு லம்பிரிட்ஜில் நின்றார். எல்லோரும் ஒரே நாளில் ஏழையாகப் பிறந்த அந்த முதல் வாரங்களில்தான் பழைய ரூன்ஸ்கேப் உண்மையாகவே உயிரோடு வந்தது எனலாம்.

பேக்கப்பில் அடங்காதது அறியாமை. சிறுவயதில் ஆடியவருக்கு மலைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. இன்று ஒவ்வொரு மரத்துக்கும் மணிக்கு எத்தனை புள்ளி என்பது விக்கியில் இருக்கிறது. வாரக் நகரத்தின் மேற்கு வங்கியின் முன்னால் தலைக்கு மேல் மஞ்சள் எழுத்து மிதக்கக் கூவி விற்ற கூட்டமும் இல்லை. 2015இல் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற பொதுச் சந்தை வந்தபின் விற்பவரும் வாங்குபவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. அந்தச் சந்தையும் ஆடுபவர்களின் வாக்கால் வந்ததுதான். புதிய சேர்க்கைக்கு முதலில் 75 சதவீத ஆதரவு வேண்டியிருந்தது, 2022இல் அது 70 ஆனது. கடலோட்டம் என்ற புதிய திறன் 2015இல் வாக்கில் தோற்றுப் பத்து ஆண்டு காத்திருந்து 2025இல் உள்ளே வந்தது. வேறெந்த விளையாட்டும் தன் பழைய குடிகளின் சொல்லுக்கு இவ்வளவு மதிப்புக் கொடுத்திருப்பது அரிது.

திரும்பி வருபவர் எதிர்பாராதவர்களையும் அங்கே சந்திப்பார். வெனிசுவேலாவின் பொருளாதாரம் நொறுங்கிய ஆண்டுகளில், அந்நாட்டவர் பலர் வைல்டர்னஸின் பச்சை டிராகன்களைக் கொன்று, சேர்ந்த காசை டாலருக்கு விற்றுச் சாப்பிட்டார்கள். விதிப்படி அது தவறு. ஒருவர் பிள்ளைப் பருவத்தைத் தேடி வந்த இடத்தில் இன்னொருவர் அன்றைய அரிசிக்காக நின்றிருக்கிறார் என்பதும் இந்த உலகத்தின் வரலாற்றில் சேர்ந்ததே.

நண்பர் பட்டியலில், உள்ளே இருப்பவர் பெயருக்குப் பக்கத்தில் அவர் எந்த எண் உலகத்தில், அதாவது சர்வரில், இருக்கிறார் என்பது தெரியும். இல்லாதவர் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு எழுத்து. கடைசியாக எப்போது வந்தார் என்று பட்டியல் சொல்லாது. நேற்று வந்தவரும் பத்தாண்டாக வராதவரும் ஒரே சிவப்புதான். முழுவதும் சிவந்த பட்டியலில் ஒரு பெயரைக்கூட நீக்க மனம் வராமல் ஆடிக்கொண்டிருப்பவர்கள் பலர்.

ஓல்ட் ஸ்கூல் தாங்கி நிற்கும் பதிப்புக்கும் மூத்த முதல் வடிவம், 2004இல் புதிய பதிப்பு வந்த பிறகும் ரூன்ஸ்கேப் கிளாசிக் என்ற பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. பழைய மென்பொருளைப் பராமரிக்க முடியாமல் போய், 2018 ஆகஸ்டில் அது மூடப்பட்டது. அங்கேயும் ஒரு லம்பிரிட்ஜ் இருந்தது.