யூரியா குடிக்காத லாரி

போன லீவில் ஊருக்குப் போனபோது இரண்டு நாள் மாமாவின் லாரிக்கு அடியில் படுத்துக் கிடந்தேன். அந்தக் கதைதான் இது. (மெக்கானிக்கல் படிக்கிறவன் என்ற தகுதியில் இல்லை, ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற ஆள் என்ற தகுதியில்.)

எங்க ஊர் மாரியூர். சாயல்குடி பக்கம், கடலோரம். பூவேந்தியநாதர் கோயிலுக்கு வந்தவர்களுக்கு ஊரைத் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்வதென்றால், உப்பு. 1974ல் ஆரம்பித்த தமிழ்நாடு உப்புக் கழகத்தின் மாரியூர்-வாலிநோக்கம் உப்பளம் எங்க பக்கம்தான். லாரி வைத்திருப்பவனுக்கு அந்த உப்புதான் சோறு, அதே உப்புதான் எமன். கழுவிக் கழுவி நிறுத்தினாலும் சைலன்சர் ஓட்டை விழுந்துவிடும்.

மாமாவின் பழைய லாரியில் இப்படி ஓட்டை விழுந்த ஒரு நாள், புது சைலன்சர் வாங்கக் காசில்லாமல், உள்ளே இருந்த தடுப்புத் தகடுகளை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு நேர்க்குழாய் ஒன்றைப் பற்ற வைத்தார். நான் அப்போ ஸ்கூல் பையன். சாயல்குடியில் திரும்பும்போதே மாமா வருகிறார் என்று ஊருக்கே தெரியும் என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். என்ன கெத்து! இன்றைக்கு மாமாவிடம் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கு. அந்தக் குழாய் மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதற்கும் பங்கு உண்டு.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பழையதை விற்றுவிட்டு, கடன் வாங்கி, செகண்ட் ஹேண்டில் 2021 மாடல் பி.எஸ்.6 லாரி ஒன்றை எடுத்தார். நாடு முழுக்க பி.எஸ்.6 கட்டாயமானது 2020 ஏப்ரல் 1ல். இந்த வண்டிகளில் பலவற்றுக்கு டீசல் டேங்க் தவிர இன்னொரு சின்ன டேங்க் இருக்கும், நீல மூடி போட்டு. அதில் ஊற்றுவது 32.5 சதவீதம் யூரியாவும் மீதி சுத்திகரித்த தண்ணீரும் கலந்த திரவம். டிரைவர்கள் சுருக்கமாக 'யூரியா' என்பார்கள். சூடான புகைக்குழாயில் அதைப் பீய்ச்சினால் அம்மோனியா ஆகும். அது கேட்டலிஸ்டில் வைத்து நைட்ரஜன் ஆக்சைடை வெறும் நைட்ரஜனாகவும் தண்ணீராகவும் மாற்றிவிடும். டீசலில் சுமார் 5 சதவீதம் செலவாகும். அதாவது 400 லிட்டர் டீசலுக்கு ஒரு 20 லிட்டர் வாளி.

மாமாவின் வண்டி மூன்று மாதமாக ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை! "ராசியான வண்டிடா மாப்ள" என்று பெருமை வேறு.

ஹாரன் ஒயரைப் பார்க்கலாம் என்று டேஷ்போர்டுக்குக் கீழே பேனலைக் கழற்றியபோதுதான் ராசி கையில் சிக்கியது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. கம்பெனி ஒயரின் நடுவில் செருகி, இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருந்தார்கள். யூரியா பம்புக்கு மின்சாரமே போகவில்லை. 'எல்லாம் நல்லா நடக்குது, யூரியா நிறைய இருக்கு' என்று இன்ஜின் கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்வதுதான் அந்தப் பெட்டியின் ஒரே வேலை. முன்பு வைத்திருந்தவர் மாட்டியது. விற்கும்போது சொல்லவில்லை.

மாமாவிடம் காட்டினேன். ஆடவே இல்லை மனுஷன்.

"புகை வருதா? நீயே பாரு."

வரவில்லை. கரியைப் பிடிக்கிற ஃபில்டர் தனியாக வேலை செய்துகொண்டிருந்தது.

"புகை சர்ட்டிபிகேட் போன மாசந்தான் எடுத்தேன். பாஸ்!"

அதுவும் உண்மை. எனக்கு வயிற்றைக் கலக்கியது அங்கேதான். டீசல் வண்டிக்கு இங்கே புகைப் பரிசோதனை என்றால் ஆக்சிலேட்டரை மிதித்து, வருகிற புகை எவ்வளவு அடர்த்தி என்று பார்ப்பது மட்டும்தான். நைட்ரஜன் ஆக்சைடை அந்தக் கருவி அளப்பதே இல்லை. கனரக வண்டிக்கு ஒரு கிலோவாட் மணிக்கு 3.5 கிராம் என்று பி.எஸ்.4ல் இருந்த வரம்பை 0.46க்குக் கொண்டுவந்தார்கள். அவ்வளவு பெரிய இறக்கத்தை ஒரு தீப்பெட்டி காலி பண்ணிவிடுகிறது, சர்ட்டிபிகேட்டும் கிடைத்துவிடுகிறது. பழைய லாரியின் கரும்புகையைத் திட்டவாவது முடியும். இது கண்ணுக்கே தெரியாது. நுரையீரலுக்கு மட்டும் தெரியும்.

நம்ம ஊர் ஆட்கள் மட்டும் இப்படி என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் பத்து வருடத்தில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் இந்தக் கருவிகளைப் பிடுங்கிவிட்டார்கள் என்று அங்குள்ள சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020ல் கணக்குக் கொடுத்தது. பெரிய கம்பெனியே செய்ததும் உண்டு. 2015ல் மாட்டிய ஃபோக்ஸ்வேகன், பரிசோதனை நேரத்தில் மட்டும் ஒழுங்காக நடக்கும் மென்பொருளைத் தன் டீசல் கார்களிலேயே வைத்து விற்றது.

சட்டத்தையும் சொல்லிப் பார்த்தேன். 2019 திருத்தத்துக்குப் பிறகு வண்டியை அனுமதியில்லாமல் மாற்றினால் ஓனருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. "மாட்டுனது நானா?" என்றார். கேள்வி நியாயம்தான். தவணை, டயர், டிரிப் கிடைக்காத நாட்கள் எல்லாவற்றையும் அவர் சொல்லச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

அத்தைதான் முடித்து வைத்தார். "நாளைக்கு யாராச்சும் புடிச்சா, வித்தவன் வந்து நிப்பானா, நீங்க நிப்பீங்களா?"

மறுநாள் காலையில் பெட்டியைக் கழற்றினோம். ஒயரைப் பழையபடி சேர்த்து சாவியைப் போட்டதும் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்குகள் கார்த்திகை தீபம் மாதிரி எரிந்தன. இன்ஜின் இழுவையும் குறைந்துவிட்டது. யூரியா சரியில்லை என்றால் வண்டி முதலில் இழுவையைக் குறைக்கும், அப்புறமும் கவனிக்காவிட்டால் ஊர்ந்துதான் போகும். விதியே அப்படித்தான்.

டேங்கில் கிடந்தது எத்தனை மாதத்துப் பழசோ. முழுக்க வடித்தோம். பீய்ச்சுகிற நாசிலைக் கழற்றினால் வாய் முழுக்க வெள்ளை வெளேரென்று கட்டி.

"இங்கயும் உப்பா!" என்றார் மாமா.

உப்பில்லை, காய்ந்த யூரியா. கம்பியால் குத்தப் போனவரைத் தடுத்து, டிஸ்டில்டு வாட்டரை வெதுவெதுப்பாக்கி ஊறப்போட்டோம். அரைமணி நேரத்தில் கரைந்துவிட்டது. (வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டு அண்ணன், வயலுக்குப் போடுகிற யூரியாவைக் கரைத்து ஊற்றச் சொன்னார். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். 2015லிருந்து விவசாய யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியது. அது உள்ளே போனால் கேட்டலிஸ்ட் பாழ்.)

இரண்டு விளக்கு அணைந்தது. ஒன்று அணையவில்லை. நைட்ரஜன் ஆக்சைடை அளக்கிற சென்சாரின் கனெக்டரைப் பிரித்தால் உள்ளே பச்சை பூத்திருந்தது. இது மட்டும் நிஜமாகவே எங்க ஊர் உப்புக் காற்றின் வேலை. சென்சாரும் போயிருந்தது. ஒரு மாதத் தவணையை முழுங்குகிற விலை. தூத்துக்குடியில் தெரிந்த கடையில் பாதிக் காசு கொடுத்து, மீதிக்குக் கடன் சொல்லி வாங்கி வந்தார். வழி முழுக்க என்னிடம் பேசவில்லை.

சென்சார் மாட்டி, புது வாளி வாங்கி ஊற்றி, முதல் டிரிப் போய் வந்த ராத்திரி போன் பண்ணினார். "ஒரு கோடு இறங்கிருச்சுடா. குடிக்குது" என்றார். சந்தோஷமா வயிற்றெரிச்சலா என்று குரலில் தெரியவில்லை. கறுப்புப் பெட்டியை என்ன பண்ணினீர்கள் என்று கேட்டேன். காது கேட்காத மாதிரி வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அடுத்த லீவில் போனதும் பேனலைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.