எண்ணெய் இறங்கும் வழி

ஸ்டுட்கார்ட்டில் வசிக்கும் தம்பியின் மூன்றாண்டுச் சேமிப்பு, 1986ஆம் ஆண்டின் போர்ஷே 944 டர்போ ஒன்றில் முடங்கிக் கிடந்தது. விடுமுறைக்குச் சென்றிருந்த நாங்கள் இருவரும் அவனுக்குத் துணையாகக் கராஜில் நின்றோம். புதுப்பிக்கப்பட்டு வந்த டர்போசார்ஜர் விரல் பட்டதும் ஓசையின்றிச் சுழன்றது. ஆனால் வண்டியில் பொருந்தவில்லை.

புகையின் வேகத்தில் சுழலும் டர்பைனுக்கு ஒரு கூடு, காற்றை அழுத்தும் கம்ப்ரசருக்கு ஒரு கூடு, இடையே தண்டைத் தாங்கும் நடுப்பகுதி. ஒன்றையொன்று வெவ்வேறு கோணங்களில் திருப்பிப் பூட்ட முடியும், வில்லங்கம் அங்கேதான். நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் தண்டுக்கு எண்ணெய் அழுத்தத்தோடு வருகிறது. திரும்பிப் போவதோ வெறும் புவியீர்ப்பால். வடிவாயில் கீழ்நோக்கி இராவிட்டால் எண்ணெய் தேங்கி, அடைப்பு வளையங்களைக் கடந்து, நீலப்புகையாய் வெளிவரும். இங்கே அது பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. (நிலைமொழியும் வருமொழியும் சரியாயிருந்தும் புணர்ச்சியில் பிழைபடும் விடைத்தாள்கள் எங்களுக்குப் புதிதல்ல.)

"ரப்பர் குழாய்தானே அக்கா, வளைத்து மாட்டிவிடலாம்" என்றான் தம்பி. தடுத்தோம். இவ்வண்டியில் டர்போ இயந்திரத்தின் இடப்புறம், காற்றுக்குழாய்களுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. மாட்டியபின் திருத்துவதென்றால் மேலுள்ள அனைத்தையும் கழற்ற வேண்டும். மேசைமேலேயே போல்ட்டுகளைத் தளர்த்தி, பழையதை அருகில் வைத்து ஒப்பிட்டு, கூடுகளைத் திருப்பி இறுக்கினோம். மேல்வாயிலில் சிறிது எண்ணெய் ஊற்றித் தண்டைக் கையால் சுழற்றினான். கீழே வைத்திருந்த தட்டில் சொட்டுச் சொட்டாக விழுந்தது.